விலையைத் திருத்தாமல் ஓய்வெடுத்துப் பயனில்லை

மலேசிய வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"வயது 31. சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) அப்பா அம்மாவோடு இருக்கிறேன். ஐந்து வருடமாக வீட்டிலிருந்தே டிசைன் வேலை. கல்யாண கார்டு ஒன்றுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்). கோயில் பேனர், சிங்கப்பூர் ஏஜென்சி ஒன்றுக்கு அவ்வப்போது சில வேலைகள், கிள்ளானில் ஒரு சேலைக் கடைக்கு மாதம் 600 வெள்ளிக்கு எத்தனை கேட்டாலும் போஸ்டர். சராசரியாக மாதம் 3,200 வெள்ளி வரும். இணையம், மென்பொருள், பெட்ரோல் என்று 500 போய்விடும். வாரத்துக்கு 70 மணி நேரமாவது உட்காருகிறேன். இரவு பன்னிரண்டுக்கும் 'பேரை மட்டும் கொஞ்சம் மாத்துமா' என்று மெசேஜ் வரும். போன மாதம் மூன்று நாள் கேமரன் மலைக்குப் போய் வந்தேன். மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. மடிக்கணினியைத் திறந்தாலே எரிச்சல் வருகிறது, பிடித்த வேலையே கசக்கிறது. அம்மா, 'வீட்டிலதானே இருக்கே, அப்படி என்ன களைப்பு?' என்கிறார். பேசாமல் ஈப்போவில் சம்பள வேலைக்குப் போய்விடலாமா?"

அன்புச் சகோதரிக்கு,

கேமரன் மலையால் உங்கள் களைப்பு போகாததில் வியப்பில்லை. நீங்கள் விட்டுப் போன விலையும் திருத்தமும் இரவு மெசேஜும் நீங்கள் திரும்பி வரும்வரை அப்படியே இருந்தன. ஓய்வு உங்களுக்குத் தேவைதான், ஆனால் அதற்கு முன்பு கணக்கைப் பார்க்க வேண்டும்.

வாரம் 70 மணி என்றால் மாதம் ஏறக்குறைய 303 மணி. செலவு போகக் கையில் நிற்பது 2,700 வெள்ளி. வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 90 காசு வருகிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி; வாரம் 45 மணி என்று வைத்து வகுத்தால் அது மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அந்தத் தொழிலாளிக்கு முதலாளி போடும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காட்டையும் சேர்த்தால் 9 வெள்ளி 85 காசு ஆகிறது. அவருக்கு வார ஓய்வு நாள், வருடாந்திர விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாம் சட்டப்படி உண்டு. ஐந்து வருட அனுபவமுள்ள நீங்கள், இதையெல்லாம் விட்டுக்கொடுத்து, அவரைவிடக் குறைவாக வாங்குகிறீர்கள். உங்களிடம் மனவலிமை இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உங்கள் நிலைக்குப் பெயர் உண்டு: பர்ன்அவுட், அதாவது வேலைச் சோர்வு. 2019-இல் ஏற்கப்பட்ட நோய் வகைப்பாட்டில் உலகச் சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையில் தொடர்ந்து வரும் அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் உண்டாகும் நிலை என்கிறது. அதற்கு மூன்று அடையாளங்களைக் கொடுக்கிறது: சக்தி வற்றுவது, வேலைமீது கசப்போ விலகலோ வருவது, செய்வது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றுவது. முதல் இரண்டும் உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இருக்கின்றன.

ஆனாலும் கடிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. இரத்தச் சோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை மூன்றும் இதே களைப்பைக் கொடுக்கும். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் பெண்களுக்கு இரும்புச் சத்து குறைந்திருப்பது மிகச் சாதாரணம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார நிலையத்தில்) கட்டணம் ஒரு வெள்ளிதான். 'இத்தனை மாதமாகக் களைப்பு, இத்தனை மணி தூக்கம்' என்று எண்களாகச் சொல்லி, இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். 'கொஞ்சம் டயர்டா இருக்கு' என்று மட்டும் சொன்னால் வைட்டமின் மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். வேலை இல்லாத நேரத்தில் சாப்பாடு ருசிக்கிறதா, தோழியோடு பேசினால் சிரிப்பு வருகிறதா? வந்தால் சிக்கல் பெரும்பாலும் வேலையில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, தூக்கம் கெட்டது, 'நான் இருந்து என்ன' என்ற நினைப்பு வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு விலைப்பட்டியல் மருந்தாகாது, மருத்துவர் வேண்டும். அதே கிளினிக்கில் கேள்வித்தாள் கொடுத்துச் சோதிப்பார்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 999-க்கு அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் ஊரில் மனநலம் என்றதுமே 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்று கேலி பேசுவார்கள் என்பது தெரிந்ததே. நூறாண்டு தாண்டிய ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கிய அந்தக் கேலியால் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போகாமல் நின்றார்களோ. நீங்கள் அதற்காக நிற்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள். பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகம் ஒன்றில் நான்கு கட்டம் போடுங்கள்: டிசைன், திருத்தம், பேச்சு, வசூல். எந்த வாடிக்கையாளருக்கு, எத்தனை நிமிடம் என்பதை அந்த வேலை முடிந்த கையோடு எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பேச்சு நேரம் பாதியாகக் குறைந்துவிடும், ஏனென்றால் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகப் போனது மனதில் நிற்காது. இதற்கென்று செயலி ஏதும் இறக்காதீர்கள். உங்களுக்கு இன்னொரு திரை வேண்டாம். திருத்தமும் பேச்சும் சேர்ந்து டிசைன் நேரத்தை எட்டிப்பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். நோட்டில் அது தெரியும்போது யார் உங்களைத் தின்கிறார்கள் என்பதும் தெரியும். கிள்ளான் கடை முதலிடத்தில் இருக்கும் என்பது என் ஊகம்.

கல்யாண கார்டில் திருத்தம் ஏன் பெருகுகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், களைப்பின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. படம் பிடிக்காமல் திருத்தச் சொல்பவர்கள் குறைவு. பெரியப்பா பெயர் விட்டுப்போனது, தாத்தா பெயருக்கு முன் 'அமரர்' போடவில்லை, பெண் வீட்டார் இன்னும் பார்க்கவில்லை, தமிழில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் பெயர் வந்திருக்கிறது, சனிக்கிழமை என்று போட்ட தேதி ஞாயிறாக இருக்கிறது. இவை எல்லாம் குடும்பத்துக்குள் முடிய வேண்டிய விஷயங்கள். அவர்கள் முடிக்காமல் உங்களிடம் கொடுக்கிறார்கள், நீங்கள் இரவு பன்னிரண்டுக்கு முடித்துக் கொடுக்கிறீர்கள்.

ஆகவே டிசைனைத் தொடங்கும் முன்பு ஒரு படிவம் அனுப்புங்கள். மணமக்கள் பெயர் மைகார்டில் (அடையாள அட்டையில்) உள்ளபடி, அதைத் தமிழில் எப்படி எழுத வேண்டும், இரு வீட்டுப் பெற்றோர், தாத்தா பாட்டி, அதில் யார் அமரர், முகூர்த்த நாள், கிழமை, நேரம், மண்டப முகவரி, வேஸ் (வழிகாட்டிச் செயலி) இணைப்பு, தொடர்பு எண்கள். கடைசி வரியில் 'இரு வீட்டாரும் பார்த்துவிட்டோம், இனி திருத்தம் சொல்பவர் ஒருவர் மட்டும்' என்று எழுதி அந்த ஒருவரின் பெயரைக் கேளுங்கள். வாய்ஸ் மெசேஜில் வரும் பெயர்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்துப் பிழை வந்தால் பழி உங்கள்மேல் விழும், மறு அச்சுச் செலவும் உங்களிடம் கேட்கப்படும். படிவம் முழுமையாக வந்த நாள்தான் வேலை தொடங்கிய நாள். பாதிப் படிவம் வந்தால் தொடங்கவே கூடாது. 'இருப்பதை வைத்து ஆரம்பிம்மா' என்பதிலிருந்துதான் ஒன்பதாவது திருத்தம் பிறக்கிறது.

திருத்தம் இரண்டு சுற்று. ஒரு சுற்று என்றால் எல்லா மாற்றமும் ஒரே மெசேஜில், எண் போட்டு. மூன்றாவது சுற்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 30 வெள்ளி. இதை வேலை முடியும்போது சொன்னால் சண்டை வரும், முன்பணம் வாங்கும்போதே சொன்னால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். முன்பணம் பாதி, டுயிட்நவ் கியூஆர் (வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் குறியீடு) வழியாக. பார்வைக்கு அனுப்பும் படத்தைச் சிறிய அளவில், குறுக்கே உங்கள் பெயரோடு அனுப்புங்கள். அச்சுக்கான முழுக் கோப்பு, மீதிப் பணம் வந்த பிறகு. வசூலுக்காக ஒருவரை நான்கு முறை அழைப்பதும் வேலைதான், அதற்கு யாரும் காசு தருவதில்லை.

அடுத்தது விலை. வீட்டுக்கு மாதம் 2,200 வெள்ளி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். தொழில் செலவு 500. இபிஎஃப் 210, சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) 20, வேலை படுக்கும் மாதங்களுக்காக ஒதுக்கி வைப்பது 320. மொத்தம் 3,250, ஆண்டுக்கு 39,000. ஆண்டில் 46 வாரம் வேலை, வாரத்தில் காசு வரும் வேலை 25 மணி. அதாவது 1,150 மணி. மணிக்கு 34 வெள்ளி வர வேண்டும். 25 மணி குறைவாகத் தெரியலாம். பேச்சு, வசூல், அச்சகம், கணக்கு என்று இன்னொரு 15 மணி போகும். சேர்த்து 40. அதற்கு மேல் போட்டால் பழைய பள்ளத்துக்கே திரும்புவீர்கள்.

80 வெள்ளிக் கார்டுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் மணிக்கு 16 வெள்ளிதான். அதை ஒரே நாளில் 170 ஆக்கினால் சுங்கை சிப்புட்டில் வாங்கமாட்டார்கள், அது உண்மை. வேறு வழி இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே செய்ததில் நன்றாக வந்த எட்டுப் பத்துக் கார்டுகளை அச்சுவார்ப்பாக (டெம்ப்ளேட்டாக) ஆக்குங்கள். தமிழ் எழுத்து உடையாதபடி எழுத்துருவையும் மென்பொருளின் தெற்காசிய எழுத்து அமைப்பையும் ஒரு முறை சரிசெய்து சேமித்தால், ஒவ்வொரு கார்டிலும் எழுத்தின் கொம்பையும் காலையும் துரத்த வேண்டாம். அச்சுவார்ப்பில் பெயரும் நிறமும் மாற்ற மூன்று மணி போதும், விலை 110. புதிதாக வரைந்து தருவது 190. புதியவர்களுக்கு இன்றே இந்த விலை, பழையவர்களுக்கு ஒரு மாதம் முன்னறிவிப்பு. சிங்கப்பூர் ஏஜென்சிக்கு சிங்கப்பூர் வெள்ளியிலேயே மணிக்கணக்கு சொல்லுங்கள். நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்து 'இதுவே அதிகம்' என்று நீங்களே குறைக்காதீர்கள்.

கிள்ளான் கடைக்கு இப்படி ஒரு செய்தி போதும்: "வணக்கம் அண்ணா. வரும் மாதம் முதல் தேதியிலிருந்து 600 வெள்ளிக்கு 12 போஸ்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருத்தம். அதற்கு மேல் ஒரு போஸ்டருக்கு 50 வெள்ளி. செவ்வாய் காலைக்குள் வாரப் பட்டியல் கொடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் வந்துவிடும்." மன்னிப்பும் காரணமும் சேர்க்காதீர்கள். காரணம் சொன்னால் அதை வைத்துப் பேரம் பேசுவார். 12 போஸ்டருக்குத் தலா ஒன்றரை மணி என்றால் 18 மணி, மணிக்கு 33 வெள்ளி, நம் கணக்குக்குக் கிட்டத்தட்ட சரி. அவர் போய்விட்டால்? போகட்டும் என்று எழுதுவது எளிது, ஆனால் 600 வெள்ளி உங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆகவே ஒரு மாதச் செலவான 2,700 வெள்ளி தனிக் கணக்கில் சேரும்வரை இந்தச் செய்தியை அனுப்ப வேண்டாம். வரும் ஒவ்வொரு தொகையிலும் பத்தில் ஒரு பங்கை வந்த அன்றே அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. கையில் காசு இல்லாதவரால் 'முடியாது' என்று சொல்ல முடியாது, சொன்னாலும் இரண்டு நாளில் திரும்பப் போய் ஒப்புக்கொள்வார். ஒரு மாதம் சேர்ந்த பிறகும் நிறுத்தாமல், மூன்று மாதச் செலவு 8,100 வரை கொண்டுபோங்கள்.

இரவு மெசேஜுக்கு: தனி பிரிபெய்டு எண் ஒன்று எடுத்து அதில் வாட்ஸ்அப் பிஸ்னஸ் போடுங்கள், இலவசம்தான். வேலை நேரம் குறிக்கலாம், நேரம் கடந்து வரும் மெசேஜுக்குத் தானாகப் பதில் போகும்படி வைக்கலாம். 'வணக்கம், செய்தி கிடைத்தது. காலை 9 முதல் மாலை 6 வரை பதில் தருவேன். அவசர வேலை, 24 மணி நேரத்துக்குள் வேண்டுமானால், கட்டணத்தில் பாதி கூடும்' என்று எழுதுங்கள். இரவு அந்தக் கைப்பேசி சமையலறையில் சார்ஜில் கிடக்கட்டும், படுக்கை பக்கம் வேண்டாம். இது பெரும்பாலும் எங்கே கெடுகிறது தெரியுமா? இரண்டாவது வாரத்தில், 'பாவம், சின்ன மாற்றம்தானே' என்று பதினொரு மணிக்கு ஒரே ஒரு பதில் போடுவதில். அன்றோடு உங்கள் நேரம் பதினொரு மணி என்று அவர் மனதில் பதிந்துவிடும். தானியங்கிப் பதிலை யாரும் நம்பமாட்டார்கள், நீங்கள் நடந்துகொள்வதைத்தான் நம்புவார்கள்.

கோயில் பேனர் வேறு கதை. தலைவர் அப்பாவின் பழைய தோட்டத்துக் கூட்டாளியாக இருப்பார், காசு கேட்க நா வராது. ஆண்டுக்கு இரண்டு பேனர் சேவை என்று நீங்களே எண்ணி வையுங்கள். மூன்றாவது வரும்போது, 'மாமா, இந்த வருசத்துச் சேவை ரெண்டும் முடிஞ்சிருச்சி, இதுக்கு அச்சுச் செலவோட 60 வெள்ளி ஆகும்' என்றால் யாரும் கோபிக்க இடமில்லை.

வீட்டில், கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவரை எல்லாரும் கூப்பிடத்தான் செய்வார்கள். அம்மாவுக்கு விளக்கவுரை வேண்டாம், நேரம் சொன்னால் போதும். 'ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை நான் வேலைக்குப் போன மாதிரிம்மா, அதுக்கப்புறம் கூப்பிடுங்க.' அந்த நான்கு மணியில் டிசைன் மட்டும் செய்யுங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கூரை கொதிக்கும் நேரத்தில் மூளை வேலை ஓடாது. பெயர் சரிபார்ப்பு, ரசீது, அச்சகத்துக்குப் போவது, வீட்டார் பள்ளிப் பிள்ளையை ஏற்றி வரச் சொன்னால் அது, எல்லாம் அப்போது. பிள்ளையை ஏற்றுவதை 'இடைஞ்சல்' என்று வைக்காமல் அட்டவணையிலேயே போடுங்கள், பாதி எரிச்சல் குறையும். மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை திருத்தம். மூன்று மணிக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம்: குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், மாலை ஆறு மணித் தே தாரேக் இரவு பதினொன்றுக்கும் உங்களோடு இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. கல்யாண வீட்டார் சனி ஞாயிறில்தான் பேசுவார்கள் என்பதால் உங்களுக்குத் திங்கள் பொருந்தும். பெரிய ஓய்வுக்கு நம் பஞ்சாங்கமே வழி விட்டிருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண கார்டு படுத்துவிடும். இத்தனை வருடம் அந்த மாதங்களில் வருமானம் குறைந்ததே என்று கவலைப்பட்டு, கிடைத்த மலிவு வேலையையெல்லாம் எடுத்திருப்பீர்கள். இனி ஆடியில் இரண்டு வாரம், மார்கழியில் ஒரு வாரம் மூடுங்கள். ஆடியில் அம்மன் கோயில் பேனர் வரும். அதை விடுமுறைக்கு முன்பே முடித்துக் கொடுங்கள். மாதம் ஒதுக்கும் 320 வெள்ளி இதற்குத்தான். தீபாவளிக்கு முந்தின ஐந்து வாரம் கடை வேலை குவியும், அப்போது புதிய வாடிக்கையாளரை ஏற்காதீர்கள்.

காப்பீடு, வரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். இபிஎஃப்-இல் சுயதொழில் செய்பவர்களுக்கான ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்து ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால் அரசு 20 விழுக்காடு, அதாவது 500 வெள்ளி, சேர்த்துத் தருகிறது. மாதம் 210 என்று நான் எழுதியது அதனால்தான். சொக்சோவின் சுயதொழில் திட்டத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் வருமான அளவில் 1.25 விழுக்காடு, 1,550 வெள்ளி அளவுக்கு மாதம் 19 வெள்ளி 40 காசு. வரிக்கு, தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரத்தை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். இன்றைய வருமானத்தில் 9,000 வெள்ளி தனிநபர் கழிவும், வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருப்பவர்களுக்கான 400 வெள்ளி தள்ளுபடியும் போனால் நீங்கள் கட்ட வேண்டியது ஒன்றும் இருக்காது. ஆனால் பாரம் அனுப்பியே ஆக வேண்டும், ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

ஈப்போ வேலை பற்றி: இப்போது முடிவெடுக்காதீர்கள். களைத்த மனத்துக்கு எந்த வெளிவாசலும் நல்லதாகவே தெரியும். புதிய விலையையும் நேரத்தையும் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள், பிறகு நோட்டை மறுபடி இரண்டு வாரம் எழுதுங்கள். வாரம் 45 மணிக்குள் வந்து, கையில் 2,700-க்குக் குறையாமல் நின்றால் தொழில் தேறுகிறது என்று அர்த்தம். இன்னும் 60 மணிக்கு மேல் ஓடினால், ஊர்ச் சந்தை இந்த விலையைத் தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பம் போடுங்கள். அப்போது சம்பளத்தை 2,700-ஓடு நேராக ஒப்பிடக்கூடாது. முதலாளியின் இபிஎஃப் பங்கையும் சம்பளத்தோடு வரும் விடுப்பு நாட்களையும் கூட்டுங்கள். போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கான பெட்ரோலையும், தினமும் சாலையில் போகும் ஒன்றரை மணி நேரத்தையும் கழியுங்கள். நேர்காணலில், வேலை நேரத்துக்குப் பிறகு மெசேஜ் வருமா, திருத்தம் எத்தனை சுற்று என்று நீங்களும் கேளுங்கள். போனாலும் சிங்கப்பூர் ஏஜென்சியை விடாதீர்கள், மாதத்துக்கு ஆறு ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்காமல். நியமனக் கடிதத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.